பூண்டுப் பத்தியம்

"பயமில்லாம நீ கடைசியா எப்போம்மா கக்கூஸ் போன?"

கோலார் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ஒருநாள் இப்படிக் கேட்டபோது ராதிகா தலையைக் குனிந்துகொண்டாள். பதில் தெரியாமல் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முந்தின நாள், குடியாத்தத்தில் அண்ணன் வீட்டில். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பக்கத்து நாற்காலியில் புருஷன் மனோகர் வேறு உட்கார்ந்து செல்போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான்.

கல்யாணமாகி அவள் வந்து சேர்ந்தது மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மைசூர் மைன்ஸ் பக்கம், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீடு. அவர்களுக்கும் மாமியாருக்குமாக ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் தட்டி கட்டிய குளியல் மறைப்பு. கக்கூஸ் லைன் கடைசியில் இருந்தது. நாலு வீட்டுக்கு ஒரு கதவு. விடிகாலை பெங்களூர் ரயிலுக்குப் போகிறவர்களுக்குத்தான் முதல் உரிமை. நாலு மணிக்கே கதவுக்கு முன்னால் பக்கெட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆள் நிற்க வேண்டியதில்லை, பக்கெட் நின்றால் போதும். ஆளுக்கு ஐந்து நிமிஷம். ஆறாவது நிமிஷம் கதவைத் தட்டுவார்கள். அது இன்னார் பக்கெட், அது இன்னார் பக்கெட் என்று லைன் முழுக்கத் தெரியும். புதுப்பெண்ணின் பச்சை பக்கெட்டும் தெரிந்தது. முதல் வாரமே, "மனோகரு பொண்டாட்டி உள்ள போனா ரயிலு போயிடும்" என்று அடுத்த வீட்டு ராஜேந்திரன் சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்தது. மறுநாளிலிருந்து அவள் பக்கெட் வைக்கவில்லை.

ரயிலில் போக வழியில்லை. பெங்களூர் போகிற கூட்டம் கக்கூசுக்குள்ளேயும் மூட்டையோடு நின்றுகொண்டு வரும். அங்கே அவள் பில் போடும் துணிக்கடையில் மூன்றாவது மாடிக்குப் போக வேண்டும், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் ஆம்பளை. அதனால் ராதிகா ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். சோற்றைக் குறைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று அடக்கினாள். நாலு மாதத்தில் வலி வந்தது, ஐந்தாவது மாதத்தில் ரத்தம் வந்தது. ஏழாவது மாதம் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டபோதுதான் மனோகருக்கே சொன்னாள்.

ஆபரேஷன் சனிக்கிழமை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு அனுப்பும்போது ஷைலா என்ற நர்ஸ் கட்டிலோரம் நின்று, ஒளிவுமறைவு இல்லாமல் பேசினாள்.

"இன்னிக்கு வலி அவ்வளவா தெரியாது, மரப்பு மருந்து இருக்கு. நாளைக்கும் நாளன்னிக்கும்தான் உசுரு போகும். முதல் தடவை வெளிக்கிப் போறதுதான் பெரிய விஷயம். அதுக்குப் பயந்துகிட்டு சாப்பிடாம, தண்ணி குடிக்காம கிடக்கறவங்கதான் மறுபடி இங்க வர்றாங்க. இறுகிப்போனா கல்லு மாதிரி வந்து புண்ணைக் கிழிச்சிடும். மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும். கீரை, வாழைப்பழம், பப்பாளி. ராத்திரி இந்த சிரப். பேசின்ல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி பத்து நிமிஷம் உக்காரு, மூணு வேளை. முக்காதே. ரொம்ப நேரம் உக்காராதே. கொஞ்சம் சொட்டா ரத்தம் வந்தா பயப்பட வேண்டாம். கட்டி கட்டியா வந்தாலோ, ஜுரம் வந்தாலோ, ஒண்ணுக்குப் போக முடியலைன்னாலோ உடனே ஃபோன் பண்ணு. புதன்கிழமை வரைக்கும் வெளிக்கிப் போகலைன்னாலும் பண்ணு. முழுசா ஆறறதுக்கு மூணு நாலு வாரம் ஆகும். புரிஞ்சுதா?"

ராதிகாவுக்கு எல்லாம் புரிந்தது. எதுவும் கஷ்டமாகத் தோன்றவில்லை. தண்ணீர் குடிக்க வேண்டும், கீரை தின்ன வேண்டும், அவ்வளவுதானே.

பங்காருபேட்டை தாண்டி வரும்போது மனோகர் காரின் முன் சீட்டிலிருந்து திரும்பி, மெதுவான குரலில் சொன்னான். அவள் பின் சீட்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"அம்மாகிட்ட இன்னான்னு சொல்றது? மூலம்னு சொன்னா எதிர்வீட்டு தாயம்மாகிட்ட சொல்லும். தாயம்மா சொன்னா லைனு பூரா போயிடும். ராஜேந்திரன் சும்மா இருப்பானா? நான் நேத்தே ஃபோன்ல சொல்லிட்டேன், ஏதோ பொம்பள சமாச்சாரம், சின்ன ஆபரேஷன்னு. நீயும் அதையே சொல்லிக்கோ."

ராதிகா சரி என்றாள். அவளுக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

வாசலில் மாமியார் பார்வதம்மா நின்றிருந்தாள். மருமகளை இரண்டு கையாலும் தாங்கி உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். மனோகர் மருந்து வாங்க வெளியே போனதும் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் குந்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எத்தினி மாசம் கண்ணு?"

ராதிகாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"ரெண்டா?"

விளங்கியதும் முகம் கொதித்தது. இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் பின்னே என்ன என்று கேட்பாள். மூலம் என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டும். ராதிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

பார்வதம்மா பெருமூச்சு விட்டு அவள் தலையை ஒருதரம் தடவினாள். "போவட்டும். இன்னொண்ணு வரும். நீ ஒண்ணுத்துக்கும் கவலப்படாத, நான் கீறேன்" என்று எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து பூண்டு வதங்கும் வாசனை வந்தது.

அன்றைக்கே பத்தியம் ஆரம்பித்தது. பூண்டும் மிளகும் அரைத்த குழம்பு, சுட்ட கருவாடு, நெய் விட்ட இறுகிய சோறு. கீரை ஆகாது, குளிர்ச்சி. பழம் ஆகாது, ஜன்னி வரும். பருப்பு கூடாது, உள்ளே புண்ணில் சீழ் வைக்கும். தண்ணீர் கூடவே கூடாது, வயிறு உப்பிப் பெரிதாகிவிடும். வேளைக்கு அரை டம்ளர், சீரகம் போட்டுக் காய்ச்சியது. அதையும் பார்வதம்மா தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளை கலைந்தவளுக்கும் அந்த லைனில் செய்கிற பத்தியம் அது. குறை சொல்ல முடியாத பத்தியம். கைச்சூட்டோடு, நேரம் தவறாமல் வந்தது.

வெந்நீர் மட்டும் கேட்டவுடன் கிடைத்தது. "உக்காரு, உக்காரு, சூடு நல்லது" என்று அவளே பேசினில் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தட்டிக்கு வெளியே காவல் நின்றாள். ராத்திரி சிரப்பைப் பார்த்து, "டானிக்கா? குடி" என்றாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது மரப்பு முழுக்க இறங்கியிருந்தது. நர்ஸ் சொன்ன வலி வந்தது. புரண்டு படுத்தால் வலி, இருமினால் வலி, யாராவது கதவை வேகமாகச் சாத்தினால்கூட அங்கே போய் அடித்தது. தலையணையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் சுருண்டு கிடந்தாள். மனோகர் விடிகாலையே ரயிலுக்குப் போய்விட்டான். லீவு அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது.

பத்து மணி வாக்கில் பார்வதம்மா பழைய நூல் புடவை ஒன்றை நீளமாகக் கிழித்துக்கொண்டு வந்தாள். வயிற்றைக் கட்ட வேண்டும். ராதிகா வேண்டாம் அத்தை என்றாள். "அய்ய, கட்டலன்னா காத்து பூந்துக்கும். கொஞ்சம் தூக்கு" என்று அடிவயிற்றைச் சுற்றி மூன்று சுற்று இறுக்கி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போட்டபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல், முதுகுக்குப் பின்னாலிருந்து பேச ஆரம்பித்தாள்.

"எனக்கும் ரெண்டு போச்சு. மனோகருக்கு முன்னால. மொத ஒண்ணு மூணு மாசத்துல. ரெண்டாவது ஏழு. பொட்டப்புள்ள. எல்லாம் இருந்துச்சு, நகம்கூட இருந்துச்சு. உங்க மாமா அப்ப உசுரோட இருந்தாரு, நைட் ஷிப்ட், சுரங்கத்துக்குள்ள கீறாரு. மேல வந்து கேட்டப்போ கலைஞ்சிடுச்சுன்னு மட்டும் சொன்னேன், பொட்டப்புள்ள, நகம் இருந்துச்சுன்னெல்லாம் சொல்லல. தாயம்மாவோட மாமியாதான் கொண்டுபோய்ப் புதைச்சிட்டு வந்துச்சு. எங்கன்னு நான் கேக்கல, அதுவும் சொல்லல. மனோகருக்குத் தெரியாது. அந்தக் கெழவியும் போயிடுச்சு, இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. உனக்குத்தான் சொல்றேன். உனக்குப் புரியும்ல."

ராதிகா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். அந்த நிமிஷம்தான் சொல்லவே முடியாத நிமிஷமாகவும் இருந்தது. அழுகை வந்தது. பார்வதம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

சாயங்காலம் பார்வதம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய், போன குழந்தைக்கு ஒரு விளக்கு வைத்துவிட்டு வந்தாள். குங்குமத்தைக் கொண்டுவந்து மருமகள் நெற்றியில் இட்டாள்.

அன்றைக்கு ராதிகா மனோகருக்கு நாலு மெசேஜ் அனுப்பினாள். "அத்தை வேற மாதிரி நினைச்சிட்டு இருக்காங்க. தண்ணியே தர்றதில்ல. நீங்க சொல்லிடுங்க." இரண்டு மணிநேரம் கழித்து, "வந்து சொல்றேன்" என்று பதில் வந்தது. வந்தான், சாப்பிட்டான், அம்மா அவள் தட்டில் வைத்த பூண்டுக் குழம்பைப் பார்த்தான், ராதிகாவைப் பார்த்தான். "நாளைக்கு" என்று கண்ணாலேயே சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை தாயம்மா பார்க்க வந்தாள். எதிர் வீட்டுக்காரி. கையில் ஒரு பொட்டலம் கருவாடு.

"இன்னா பார்வதம்மா, உன் மருமவ மூஞ்சி வெளுத்துப்போய்க் கீது. ஒழுங்கா துன்றாளா?"

"எங்க துன்றா. கொறிக்கறா."

"இந்தக் காலத்துப் பொண்ணுங்க. ரயிலு ஏறி எறங்கி, ரயிலு ஏறி எறங்கி, புள்ள எப்பிடித் தங்கும்? வண்டி குலுக்கற குலுக்குல எனக்கே கொடலு வெளிய வந்துடும். மொதல்ல வேலைய விடச் சொல்லு."

"அத அப்பால பேசிக்கலாம். இப்ப உடம்பு தேறட்டும்."

"நான் நல்லதுக்குத்தான் சொல்றேன். சுந்தரி மருமவளுக்கு இப்பிடித்தான் ஆச்சு. மூணாம் நாளு தண்ணிய மொண்டு மொண்டு குடிச்சா. வயிறு இந்தா, இம்மாம்பெரிசு. இன்னிக்கும் எறங்கல."

பேச்சு தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்க, ராதிகா தன் வயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமையிலிருந்து ஒன்றும் வெளியே போகவில்லை. உள்ளே போனதெல்லாம் சோறும் கருவாடும் பூண்டும் நெய்யும். கட்டின துணிக்குக் கீழே வயிறு பலகை மாதிரி இருந்தது. உதடு வெடித்திருந்தது. சமையலறையில் தண்ணீர் அண்டா எவ்வளவு தூரம் என்று அவளுக்கு இப்போது அடி அளவில் தெரியும். அத்தையின் பாய் அண்டாவை ஒட்டி விரித்திருக்கும். ஒரு டம்ளர் நகர்ந்தால் எழுந்துகொள்வாள்.

ஒன்று உண்மை. முதல் இரண்டு நாள் அந்தத் தாகம் அவளுக்கு உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. தண்ணீர் இல்லை என்றால் போக வேண்டியதில்லை. போக வேண்டியதில்லை என்றால் லைன் கடைசிக்கு நடக்க வேண்டியதில்லை, பக்கெட் இல்லை, வலி இல்லை. எட்டு மாதமாகச் செய்ததையே இப்போது மாமியார் அவளுக்காகச் செய்துகொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வயிறு முறுக்கி, கீழே தையல் போட்ட இடத்தில் ஏதோ வந்து கல்லாக முட்டி நின்றபோதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. மாமியார் துணைக்கு வர, லைன் கடைசிவரை போய் உட்கார்ந்தாள். மூச்சைப் பிடிக்கக்கூட இல்லை, கத்தி இறங்கியதுபோல் இருந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

"ஒண்ணுக்குத்தானே?" என்றாள் பார்வதம்மா.

"ஆமா அத்தை."

புதன்கிழமை காலை பார்வதம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். அவள் தெரு திரும்பினதும் ராதிகா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய், தட்டி மறைப்புக்குள் நின்று நர்ஸுக்கு ஃபோன் செய்தாள்.

"ஆயித்தா?" என்று எடுத்த எடுப்பில் கன்னடத்தில் கேட்டாள் ஷைலா. ஆயிற்றா என்று.

"இன்னும் இல்ல மேடம்."

"தண்ணி எவ்வளவு குடிக்கறே?"

"ஒன்றரை டம்ளர்."

"ஒரு மணிநேரத்துக்கா?"

"ஒரு நாளைக்கு."

"சாப்பாடு?"

ராதிகா சொன்னாள். பூண்டு, கருவாடு, நெய், வயிற்றுக்கட்டு எல்லாம் சொன்னாள்.

"நீ என்ன புள்ள பெத்தா வந்திருக்கே? யாரு இதெல்லாம் குடுக்கறாங்க? அவங்ககிட்ட ஃபோனைக் குடு."

"அவங்க வீட்ல இல்ல."

"சரி, நான் டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன், லைன்ல இரு." கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்தாள். குரல் இறங்கியிருந்தது. "கேளு. அந்தக் கட்டை அவிழ்த்துப் போடு. இப்பவே சிரப் ஒரு வேளை எடுத்துக்கோ. வெதுவெதுப்பா தண்ணி, அரைமணிக்கு ஒரு டம்ளர், குடிச்சுகிட்டே இரு. வெந்நீர்ல உக்காரு. தானா வரும்போது போ, முக்காதே. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஆகலைன்னா கிளம்பி வந்துடு. மறுபடி மயக்கம் குடுத்துக் கையாலதான் எடுக்கணும். பச்சைப் புண்ணு மேலயேம்மா. தையல் விட்டுதுன்னா முதல்லேர்ந்து ஆரம்பம். உனக்கு அது வேணுமா?"

வேண்டாம். ராதிகாவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அவள் சமையலறைக்குப் போனாள். வெதுவெதுப்பாக்கிக் குடிக்கப் பொறுமையில்லை. சிரப்பை விழுங்கிவிட்டு, அண்டாவில் டம்ளரை முக்கி நின்றபடியே குடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது டம்ளர் மோவாயில் வழிந்து கழுத்துக்குள் ஓடியது. நாலாவதை மொள்ளும்போது ஜன்னலில் நிழல் தட்டியது. தாயம்மா.

"அய்யய்யோ, இன்னா வேல பண்ற நீ. பச்சத் தண்ணி."

ராதிகா டம்ளரைக் கீழே வைக்கவில்லை. குடித்து முடித்துவிட்டுத்தான் வைத்தாள். தாயம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, ரேஷன் கடைப் பக்கம் வேகமாக நடந்தாள்.

கால்மணியில் பார்வதம்மா மூச்சிரைக்க வந்தாள். அரிசிப் பையை வாசலிலேயே போட்டாள். முகம் முழுக்க வேர்த்து, தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டுத் தூசி அதில் ஒட்டியிருந்தது.

"நிஜமா? குடிச்சியா?"

"ஆமா."

"எத்தினி டம்ளரு?"

"நாலு."

"நீ சாவணும்னு பாக்கறியா? இல்ல நான் சாவணும்னு பாக்கறியா? மூணு நாளா கண்ணு மூடாம பாத்துகினு கீறேனே, அது இன்னாத்துக்கு?" பார்வதம்மா கத்தவில்லை. குரல் உடைந்து உடைந்து வந்தது. "பெத்தவ இருந்தா இப்பிடிச் செய்வியா? அவ சொன்னா கேப்பல்ல?"

பின்னாலேயே வந்த தாயம்மா வாசலில் நின்றபடி, "ஜன்னி கண்டுதுன்னா அரைமணில முடிஞ்சிடும். ஆட்டோ கூப்பிடட்டா? ஆண்டர்சன்பேட்டைல அந்தப் பிரசவ டாக்டரு கீது" என்றாள்.

"கூப்பிடு" என்றாள் பார்வதம்மா. பிறகு ராதிகாவின் இடுப்பைத் தொட்டுப் பார்த்து, "கட்டு தளந்துபோயிருக்கு" என்று முடிச்சை இறுக்கப் போனாள்.

ராதிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த எட்டு மாதத்தில் மாமியார் கையை அவள் பிடித்ததே இல்லை.

"அத்தை. கதவச் சாத்துங்க."

"இன்னா?"

"சாத்துங்க. சொல்றேன்."

பார்வதம்மா தாயம்மாவைப் பார்த்தாள். தாயம்மா மனசில்லாமல் இரண்டடி பின்னால் போனாள். பார்வதம்மா கதவைச் சாத்தினாள்.

"கொழந்தை இல்ல அத்தை."

"தெரியும் கண்ணு. போயிடுச்சு. அதுக்கு இப்ப இன்னா செய்ய முடியும்? அதுக்காவ நீயும்..."

"போகல. இருந்ததே இல்ல."

பார்வதம்மாவின் கை அவள் கைக்குள் அப்படியே இருந்தது.

"எனக்கு மூலம். அதுக்குத்தான் ஆபரேஷன். தண்ணி குடிக்காம, போகாம, அடக்கி அடக்கி வந்துச்சு. நல்லா தண்ணி குடிக்கணும், கீரை திங்கணும்னு சொல்லி அனுப்புனாங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வெளிக்கிப் போகலன்னா மறுபடி ஆபரேஷன் ரூமுக்குக் கொண்டுபோவாங்க. அதான் குடிச்சேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவ்வளவு பெரிதாகவே இல்லை. இதற்காகவா என்று இருந்தது.

பார்வதம்மா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"மனோகருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு பேருக்கும் தெரியும்."

"ஆமா."

"அன்னிக்கு ரெண்டான்னு கேட்டேனே. தலையக் குனிஞ்சியே."

"வெக்கமா இருந்துச்சு அத்தை."

பார்வதம்மா சுவரோரம் உட்கார்ந்தாள். வெளியே ஆட்டோ வந்து நின்று, ஹாரன் அடித்தது. தாயம்மா, "பார்வதம்மா, வண்டி வந்துடுச்சு" என்று குரல் கொடுத்தாள். பார்வதம்மாவுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. தரையைப் பார்த்தபடி, ரொம்ப சாதாரணமான குரலில் கேட்டாள்.

"முந்தாநாளு நான் சொன்னதெல்லாம் கேட்டுகினு படுத்திருந்தியே. அப்பவுமா?"

வெட்கம் என்று இதற்குச் சொல்ல முடியாது.

பார்வதம்மா எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவை இழுத்துக்கொண்டாள். ஆட்டோ மறுபடி இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, தாயம்மாவோடு ஏதோ சண்டை போட்டுவிட்டுப் போயிற்று.

ராதிகா முதுகுப் பக்கம் கையை வளைத்து முடிச்சோடு போராடினாள். வரவில்லை. முன்பக்கம் திருப்பி, நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். துணி விழுந்ததும் அடிவயிறு மூச்சுவிட்டதுபோல் இருந்தது. சமையலறைக் கதவைத் திறந்தபோது பார்வதம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அண்டா அவளுக்குப் பின்னால் இருந்தது. ராதிகா ஒரு சொம்பு மொண்டுகொண்டாள். பார்வதம்மா திரும்பவில்லை, தடுக்கவில்லை. அரைமணிக்கு ஒருதரம் ராதிகா வந்து மொண்டுகொண்டு போனாள். வந்த ஒவ்வொரு தடவையும் அத்தை என்று கூப்பிட வாயெடுத்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் அடங்கிப்போனாள். அன்றைக்குப் பார்வதம்மா சமைக்கவே இல்லை.

பன்னிரண்டு ஆயிற்று. இரண்டு ஆயிற்று. வெந்நீரில் இரண்டு தடவை உட்கார்ந்தாள், தானே காய்ச்சி, தானே தூக்கிப்போய். வயிற்றுக்குள் கடமுடா என்றது, அடங்கியது. மூன்று மணிக்கு நர்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "ஆயித்தா?" இன்னும் இல்லை. மூன்றரைக்கு மனோகர் அனுப்பினான்: "இன்னிக்கு கண்டிப்பா சொல்றேன்." அதற்கு அவள் பதில் போடவில்லை.

நாலு மணி தாண்டி வயிறு ஒரு பக்கமாகத் திரண்டு, கீழே இறங்கியது. இந்தத் தடவை அது நிற்காது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. ராதிகா பச்சை பக்கெட்டை எடுத்தாள். பாதித் தண்ணீர்தான் தூக்க முடிந்தது. சமையலறைப் பக்கம் திரும்பி, "போய்ட்டு வரேன் அத்தை" என்றாள். இத்தனை நாளும் துணைக்கு வந்தவள் இன்று வரவில்லை.

லைனில் வெயில் சாய்ந்திருந்தது. குழாயடியில் இருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். சுவரை ஒட்டி, காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குந்த முடியவில்லை. ஒரு கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். முக்காதே, முக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாயைத் திறந்து மூச்சு விட்டாள்.

வலி வந்தபோது கண் இருட்டியது. கண்ணாடிச் சில்லு உரசிக்கொண்டு இறங்குவதுபோல் இருந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பாதியில் நின்றது. நின்றதுதான் கொடுமை. வேர்வை புருவத்தில் வழிந்தது. திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லி உடம்பு கெஞ்சியது. எட்டு மாதமாக அந்தக் கெஞ்சலுக்குத்தான் அவள் இடம் கொடுத்து வந்தாள்.

வெளியே செருப்புச் சத்தம். கதவில் இரண்டு தட்டு.

"உள்ள யாரு? எனக்கு நைட் ஷிப்ட் ரயிலுக்கு நேரமாச்சு." ராஜேந்திரன் குரல். ஐந்து நிமிஷம் ஆகிவிட்டதா? இன்னொரு தட்டு. "உள்ளயே குடி போயிட்டீங்களா? வாடகை யாருக்குக் குடுக்கறீங்க?"

ராதிகா குழாயை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் மறுபடி தட்டுவான் என்று காத்திருந்தாள். தட்டவில்லை. ஏதோ ஆரம்பித்த பேச்சு பாதியில் அறுந்ததுபோல் இருந்தது. அவன் பக்கெட்டின் கைப்பிடி கிணுங்கிற்று. செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று.

அவள் மூச்சை நீளமாக விட்டாள். இன்னொரு தடவை விட்டாள். குடித்த தண்ணீரெல்லாம் அந்த நேரத்துக்காகக் காத்திருந்ததுபோல், மீதியும் எரிந்துகொண்டு இறங்கியது. முடிந்தது.

கொஞ்ச நேரம் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கீழே பார்க்கப் பயமாக இருந்தது, பார்த்தாள். ரத்தம் இருந்தது. சொட்டுச் சொட்டாக, ஏழெட்டுச் சொட்டு. கட்டி இல்லை. இதற்குப் பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மெதுவாகக் கழுவினாள், தண்ணீர் ஊற்றினாள், எழுந்து நின்றாள். தையல் விட்டிருந்தால் இப்படி நிற்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள். வலி முதுகுவரை எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் வயிறு காலியாக, லேசாக இருந்தது. அதை அவள் மறந்தே போயிருந்தாள்.

தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

மூன்றடி தள்ளிப் பார்வதம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. லைன் பக்கம் முகத்தைத் திருப்பி, வழியை அடைத்தபடி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். குழாயடியில் இப்போது யாரும் இல்லை. ராஜேந்திரன் தன் வீட்டு வாசலில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆச்சு அத்தை" என்றாள் ராதிகா.

பார்வதம்மா திரும்பினாள். மருமகளின் காலைப் பார்த்தாள், புடவையின் பின்பக்கத்தைப் பார்த்தாள், நடக்க முடியுமா என்று பார்ப்பதுபோல் ஒரு நிமிஷம் அவள் முழங்காலையே பார்த்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"அத்தை, நான் அன்னிக்கே..."

பார்வதம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தாயம்மா வாசலுக்கு ஓடி வந்து, "இன்னா பார்வதம்மா, இன்னா ஆச்சு, எங்க போற?" என்று கேட்டாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல், தாயம்மாவையும் தாண்டி, ரோட்டோரக் கீரைக்கடையை நோக்கிப் பார்வதம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் நடந்து போனாள்.